வெள்ளையாய் விட்ட கயிறு

மோசமான போஸ்டரைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். நல்ல போஸ்டரைப் பார்த்தால் அதைவிட அதிகமாக வரும். முதலாவதை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. இரண்டாவது புரிய எனக்குச் சில வருஷங்கள் ஆயின.

ராமநாதபுரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் அவர் தையலும் ஓவியமும் சொல்லிக்கொடுத்தார். நான் அரண்மனைக்கு அடுத்த தெருவில் ஓர் அச்சகத்தில் போர்மேன். நாடு சுதந்திரமடைந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். எங்கள் இரண்டு பேருக்குமே முப்பதை ஒட்டிய வயது. நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஒரு நாள் காலை அரண்மனை மதிலில் மதுரைக் கம்பெனி ஒன்றின் இசை நாடகப் போஸ்டர் ஒட்டியிருந்தது. கூட்டம் நின்று நடிகர்களின் பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தது. டீச்சர் மட்டும் எட்டி நின்று, குடையைப் பிடித்துக்கொண்டு, கால் மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வழியாகப் போன என்னை நிறுத்தினார்.

"போர்மேன், அந்தப் பொம்பளையோட சேலை என்ன கலர்?"

வெள்ளை என்றேன். கறுப்பு, சிவப்பு இரண்டே மையில் அடித்த போஸ்டர் அது. நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளை மை எங்க வாங்குனாக?"

எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை. பன்னிரண்டு வருஷமாக மையோடு கிடக்கிறவன் நான். அவர் கிட்டே போய், தாளில் கை படாமல், அந்தச் சேலையின் ஓரத்தைக் காற்றில் வரைந்து காட்டினார். சேலைக்கென்று ஒரு கோடு கூட இல்லை. சிவப்பு எங்கே நிற்கிறதோ அங்கே சேலை தொடங்கியது. அச்சடிக்காமல் விட்ட வெறும் தாள்தான் சேலை. இத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருத்தர் கண்ணிலும் இது படவில்லை என்று சொன்னபோது அவருடைய குரல் நடுங்கியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அது கோபம்.

அன்றே மத்தியானம் பீடிக் கம்பெனி விளம்பரம் ஒன்றை அந்தப் பெண்ணின் முகத்தின் மேல் ஒட்டிவிட்டார்கள். பள்ளி விட்டு வந்த டீச்சர் பசை ஈரமாக இருக்கும்போதே கொண்டை ஊசியால் ஓரத்தை நெம்பி, பீடித் தாளை உரித்தெடுத்தார். ஒட்டின ஆள் ஓடிவந்து, சுவர் யார் அப்பன் வீட்டுச் சொத்து என்று கேட்டிருக்கிறான். யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை, அதனால்தான் உரிக்கிறேன் என்றிருக்கிறார். அந்த ஆள் அதைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்தான். கோவக்கார டீச்சர் என்ற பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

அதற்கும் ஒரு வருஷம் முன்னால், பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழின் புரூப் பார்க்க எங்கள் அச்சகத்துக்கு வந்தபோதுதான் அவரை நான் முதலில் பார்த்தேன். கொடியில் ஒரு போஸ்டர் உலர்ந்துகொண்டிருந்தது. தொண்டியில் நடக்கப்போகிற ஒரு சங்கீத நாடகத்துக்காக நானே எழுத்துக் கோத்தது. எங்களிடம் இருந்த மர எழுத்துகளில் ஒரு தினுசு விடாமல் பதினொரு தினுசையும் போட்டிருந்தேன். சுற்றிலும் பூ பார்டர், நான்கு மூலையிலும் அன்னம், ராஜபார்ட் பெயரைச் சுட்டிக்காட்ட இரண்டு பக்கமும் விரல் நீட்டிய கைகள். அதில் எனக்குப் பெருமை உண்டு. இதை யார் செய்தது என்று கேட்டார். பாராட்டை எதிர்பார்த்து, நான்தான் என்றேன்.

"எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாக. எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார்.

சுற்றி நின்ற பையன்கள் சிரிப்பை அடக்கினார்கள். உங்கள் புரூப்பை மட்டும் பாருங்கள் டீச்சர் என்று கடுப்பாகச் சொன்னேன். அவர் உட்கார்ந்து பார்த்தார். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். பிறகு நான் வைத்திருந்த பார்டர் முழுவதையும் பென்சிலால் அடித்துவிட்டு, பள்ளியின் பெயருக்கு மேலே இரண்டு விரற்கடை வெறுமையாக விடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவருக்கே தெரியட்டும் என்ற ஆத்திரத்தில் சொன்னபடியே செய்தேன். நன்றாக வந்துவிட்டது. அந்த அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது.

கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவருக்குத் திருப்புல்லாணியில் நடந்த கல்யாணத்துக்கு இவர் உச்சிவெயிலில் நடந்தே போய்ச் சேர்ந்த கதையைப் பள்ளி முழுக்கச் சொல்வார்கள். பஸ்ஸில்தான் கிளம்பினார். பாதி வழியில் ஒரு டீக்கடைச் சுவரில் நாடகப் போஸ்டர் ஒன்று தலைகீழாக ஒட்டியிருந்ததைப் பார்த்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கிறார். அதை உரித்து நேராக ஒட்டிவிட்டுத் திரும்பினால் பஸ் இல்லை. புழுதியும் வியர்வையுமாகப் பந்தலுக்குள் வந்தவரைப் பார்த்துப் பெண்வீட்டார் பதறி, வழியில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

"ஒரு பொம்பள தலைகீழா நின்னா. டீ குடிக்கிற ஒருத்தரும் பாக்கல" என்றாராம்.

இத்தனைக்கும் அவர் ஒரு நாடகம் கூடப் பார்த்ததில்லை. பள்ளியில் வேலை பார்க்கிற பெண்கள் நாடகக் கொட்டகைக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. போகாமலே உங்களுக்கு ஏன் இந்த அக்கறை என்று ஒரு தடவை கேட்டேன். உள்ளே போக முடியாதவர்களுக்குச் சுவர்தானே நாடகம், அதையும் குப்பையாகக் கொடுத்தால் கோபம் வராதா என்று திருப்பிக் கேட்டார்.

அதற்குப் பிறகு, எனக்கே தெரியாமல், ஒவ்வொரு போஸ்டர் கோக்கும்போதும் இதை டீச்சர் பார்த்தால் என்ன சொல்வார் என்று ஒரு கணம் நிற்க ஆரம்பித்தேன். பார்டர்கள் குறைந்தன. அன்னங்களைப் பெட்டியில் போட்டுவிட்டேன். அப்படி நிற்க வைத்ததற்காக அவர்மேல் எனக்கு உள்ளூரக் கோபமும் இருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊரில் மரக்கடை வைத்திருந்த ஒருவர் நாடகங்களைக் காண்ட்ராக்ட் எடுத்து நடத்துவார். நாலு பேர் முன்னால் தன் முகம் தெரியவேண்டும் என்ற ஆசை அவருக்கு அதிகம். அந்த வருஷம் நகரசபைத் தேர்தலில் நிற்கப்போவதாகப் பேச்சு இருந்தது. அவர் 'உயிர்க்கயிறு' என்றொரு இசை நாடகத்தைப் பிடித்துவந்தார். சங்கு குளிப்பவனின் கதை. அவன் கடலுக்குள் முங்கும்போது மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். அவன் கீழிருந்து சுண்டினால் உடனே இழுக்க வேண்டும். எப்போதும் பிடிக்கிற மைத்துனன் பகையாகிவிட, மனைவியே கயிற்றைப் பிடிக்கிறாள். மூன்று மணி நேரமும் பாட்டு.

போஸ்டருக்கென்று அவர் கொண்டுவந்தது குடத்தோடு சிரிக்கிற ஒரு பெண்ணின் தேய்ந்துபோன அச்சு பிளாக். ஏற்கெனவே நான்கு நாடகங்களுக்கு அடித்தது. இந்தக் கதைக்குக் குடம் எதற்கு என்று எனக்கே கோபம் வந்தது. படம் போட்டுத்தர எனக்கு ஓர் ஆள் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

டீச்சரிடம் போய்க் கேட்டேன். அவர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். வரைந்தது யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. தான் வரைந்ததில் யாரும் எதையும் சேர்க்கக் கூடாது. நான் இரண்டுக்கும் தலையாட்டினேன்.

அவர் வரைந்தது இதுதான். தாளில் முக்கால் பங்குக்கு மேல் நீலம். உச்சியில் இரண்டு கைகள். வளையல் போட்ட, எலும்பு தெரிகிற, வேலை செய்கிற பெண்ணின் கைகள். அவற்றிலிருந்து ஒரு கயிறு நேராகக் கீழே போகிறது. கைகளும் கயிறும் அச்சடிக்காமல் விட்ட வெள்ளை. கீழே போகப்போகக் கயிறு மெலிந்து, நீலத்துக்குள் ஓரிடத்தில் காணாமல் போகிறது. அதற்குக் கீழும் நீலம். அடியில் ஒரு வெள்ளைப் பட்டையில் நாடகத்தின் பெயர், இடம், நேரம், நடிகர்கள். அவ்வளவுதான். ஆசாரி ஒருவர் பலகையில் செதுக்கினார். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து பக்கத்தில் நின்று, கட்டைவிரலை மட்டும் மூன்று தடவை மாற்றச் சொன்னார். கயிற்றின் நுனியில் ஓர் ஆளைப் போட்டால் என்ன என்று ஆசாரி கேட்டார்.

"கீழ இருக்கவன மேல இருக்கவக பாக்க முடியாது. கயித்த மட்டுந்தான் பாக்க முடியும்" என்றார் டீச்சர்.

முதலில் நீலம் மட்டும் அடித்தோம். தாள் மிஷினிலிருந்து வெளியே வந்தபோது பையன்கள் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்கள். என் பன்னிரண்டு வருஷ வேலையில் அப்படி ஒரு தாள் அந்த மிஷினிலிருந்து வந்ததில்லை.

காண்ட்ராக்டரும் வந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்றார். பிறகு ஆளை அனுப்பித் தன்னுடைய போட்டோ பிளாக்கை எடுத்துவரச் சொன்னார். துண்டு போட்டு, மார்புவரை எடுத்த படம். சேர்க்கக் கூடாது, படம் கெட்டுவிடும் என்று நான் அச்சக முதலாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஏம்ப்பா, இம்புட்டுக் கடல்ல நான் ஒருத்தன் நின்னா முங்கியா போயிருவேன்?" என்றார் காண்ட்ராக்டர்.

சொன்னதைச் செய் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இரண்டாவது அச்சுக்குக் கறுப்பு எழுத்துகளைக் கோத்தேன். அடிப்பட்டையின் வலது மூலையில் அந்த பிளாக் வைக்க இடம் இருந்தது. அளந்துகூடப் பார்த்தேன். அங்கே வைத்திருந்தால் அது மூலையில் கிடந்திருக்கும், யாருக்கும் பெரிதாக உறுத்தியிருக்காது. ஆனால் எனக்குள் ஆத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. முங்கியா போயிருவேன் என்று கேட்டாயே, இரு என்று நினைத்தேன். கயிறு மறைகிற இடத்துக்கு நேர் கீழே, ஒரு நூல் இடைவெளி விடாமல், அவருடைய தலையை வைத்து முடுக்கினேன். மிஷின் ஓட்டுகிறவர் முதல் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஓட்டுங்கள் என்றேன்.

மறுநாள் விடிந்து ஊர் முழுக்க ஒட்டியாயிற்று. பத்து மணிக்குள் ஊர் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. காண்ட்ராக்டரைத் தூக்கில் போட்டாயிற்று என்று மார்க்கெட்டில் யாரோ சொல்ல, அது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. மறைக்காமல் சொல்கிறேன், அன்று பகல் முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் காண்ட்ராக்டர் அச்சகத்துக்குள் வந்தபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை. யார் வரைந்தது என்பது ஒன்றுதான் அவருடைய கேள்வி. கயிற்றை முன்கூட்டியே திட்டம் போட்டு வரைந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. முதலாளி என்னைப் பார்த்தார். வேலை தொடங்கியபோதே அவரிடம் நான் டீச்சரைப் பற்றிச் சொல்லியிருந்தேன். யாருக்கும் தெரியக் கூடாது என்பதில் முதலாளி சேரமாட்டார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். முதலாளி சொல்லிவிட்டார். படத்தை அங்கே வைத்தது நான் என்று சொல்ல எனக்கு அப்போது நேரம் இருந்தது. வாய் இருந்தது. வீட்டில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டு எழுத்துக் கோக்கும் கம்போசிங் ஸ்டிக்கைத் துடைத்தபடி நின்றேன்.

மறுநாள் காலையில் காண்ட்ராக்டர் பள்ளிக்குப் போய், கல்யாணமாகாத டீச்சர் ஒருத்தி நாடகக்காரர்களுக்குப் படம் வரைகிறாள், ஊர்ப் பெரியமனிதரைத் தூக்கில் தொங்கவிடுகிறாள் என்று புகார் செய்திருக்கிறார். தலைமைச் சகோதரி கூப்பிட்டு விசாரித்தபோதுதான் டீச்சருக்கே விஷயம் தெரியும். முந்தின நாள் முழுக்கப் பள்ளியில் பரீட்சை. அவர் போஸ்டரைப் பார்த்திருக்கவே இல்லை. விசாரணை முடிந்ததும் நேராக மதிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அச்சகத்துக்கு வந்தார்.

கத்துவார் என்று தயாராக இருந்தேன். எதற்கெல்லாமோ கத்தியவர் அன்று கத்தவில்லை.

"எடம் வேற எங்கயும் இல்லையா?"

அடிப்பட்டையில் இருந்தது என்றேன்.

"தெரிஞ்சுதான் இங்க வச்சீகளா?"

ஆமாம் என்றேன். அந்த ஆள்மேல் இருந்த கோபத்தில், டீச்சருடைய படத்தைக் கெடுத்ததற்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"என் கோவத்த நான் பாத்துக்கிருவேன், போர்மேன். எங்க அய்யா அக்காள்மடத்துல இருந்து சங்கு குளிக்கப் போனவுக. கயிறு பிடிச்சவன் பக்கத்துப் படகுல பேச்சுக் குடுத்துக்கிட்டு இருந்துட்டான். அய்யா சுண்டுனத அவன் பாக்கல. நான் போட்ட கயித்து நுனியில அவுகதான் இருந்தாக. அங்கன ஒருத்தன நிறுத்தி ஊரச் சிரிக்க வச்சுட்டீக."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவரே பிறகு, நீலம் மட்டும் அடித்த தாள் மீதி இருக்கிறதா என்று கேட்டார். கெட்டுப்போனால் மாற்ற வேண்டுமே என்று கூடுதலாக அடித்துவைத்தது ஒரு கட்டு இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மூலையில் இருந்த பசை வாளியையும் பிரஷ்ஷையும் அவரே எடுத்துக்கொண்டார். என்னைக் கூப்பிடவில்லை.

பட்டப்பகலில், பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அரண்மனைத் தெருவில் போஸ்டர் ஒட்டுவதை ராமநாதபுரம் அதற்கு முன் பார்த்திருக்காது. ஒவ்வொரு போஸ்டரின் மேலும் ஒரு வெறும் நீலத் தாள். காண்ட்ராக்டர் முகம் மறைந்தது. நாடகத்தின் பெயர், இடம், நேரம் எல்லாம் சேர்ந்தே மறைந்தன. இரண்டு கைகளும் ஒரு கயிறும் மட்டும் இருந்தன.

செய்தி கிடைத்துக் காண்ட்ராக்டர் மறுபடி அச்சகத்துக்கு ஓடிவந்தார். எங்கள் தாளை அவளுக்கு யார் கொடுத்தது என்று முதலாளி கேட்டார். நான் கொடுத்தேன் என்றேன். படத்தைக் கயிற்றின் கீழே வைத்ததும் நான்தான், டீச்சருக்கு அது தெரியாது என்றேன். காண்ட்ராக்டர் அறைந்துவிட்டார். திருப்பி அடிக்கக் கை எழும்பியது. முதலாளி இடையில் வந்து, அப்படியே வெளியே போ, இனி உள்ளே வராதே என்றார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

அதனால் எதுவும் மாறவில்லை. அந்த வாரக் கடைசியில் டீச்சரைப் பள்ளியை விட்டு நிறுத்தினார்கள். அவர் அக்காள்மடம் இருக்கிற தீவுப்பக்கம் போய், ஏதோ மாதா கோயில் பள்ளியில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் காரைக்குடியில் ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்து, கல்யாணப் பத்திரிகை கோத்து ஓய்வு பெற்றேன். நாடகம் கூட்டம் நெரிய நடந்தது. காண்ட்ராக்டர் தேர்தலிலும் ஜெயித்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று அச்சகத்திலிருந்து இறங்கி அவரைத் தேடிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். படிக்க ஓர் எழுத்தும் இல்லாததால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் இல்லை. தொண்டி பஸ்ஸுக்காக நின்ற மீன்காரம்மா ஒருத்தி கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"கீழ ஆளு இருக்கு. கயிறு வெறைச்சு நிக்கிது பாரு" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

டீச்சரின் பிரஷ் நின்றது. அவர் திரும்பி அந்த அம்மாளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். மறுபடி பசையைத் தொட்டார்.

நான் பக்கத்தில் போய், அச்சகத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். கன்னம் எரிந்துகொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசித் தாள் ஒன்று மட்டும் மீதி இருந்தது. அதை விரித்துச் சுவரில் வைத்தார்.

"பசை காயுது. அந்த மூலையப் பிடிங்க."

பிடித்தேன். அவர் மேலிருந்து கீழே பிரஷ்ஷை இழுத்துக்கொண்டு வந்தார். நான் பிடித்திருந்த மூலையில் ஒரு சுருக்கம் விழுந்தது. பார்த்தார். தாள் கிழியாமல் அந்த மூலையை மெதுவாக உரித்தெடுத்து, என் கையை விலக்கிவிட்டு, மறுபடி தானே ஒட்டினார்.